மாதிரிக் கை

மூட்டு ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் கதவில் ஒரு குமிழ் இருந்தது. உருண்டையான, கனமான பித்தளைக் குமிழ். தினமும் யாரோ துடைத்துத் துடைத்து அதை வழுவழுவென்று ஆக்கி வைத்திருந்தார்கள். அதை இறுக்கிப் பிடித்துத் திருகினால்தான் கதவு திறக்கும். உள்ளே போக வேண்டியவர்கள் எல்லோருக்கும் வியாதி விரல்களில். ஆகவே காலையில் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கும்.

ரொட்டிக்கடைக்காரர் இரண்டு முழங்கைகளாலும் குமிழை அணைத்துப் பார்ப்பார், தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கப் போகிறவர் மாதிரி. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் துப்பட்டாவைச் சுற்றித் திருகிப் பார்ப்பார். துப்பட்டா சுழலும், குமிழ் அப்படியே இருக்கும். அப்புறம் எல்லோரும் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சுண்டு வருகிறாளா என்று பார்ப்பார்கள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரே திருகு. கதவு திறக்கும். "நீ நல்லா இருக்கணும்மா" என்று ஆளுக்கொரு ஆசீர்வாதம் போட்டுவிட்டு வரிசையாக உள்ளே போவார்கள்.

"ஏன் சார், தாழ்ப்பாள் மாதிரி ஒண்ணு வெச்சா கையால தட்டியே திறந்துடலாமே?" என்று ஒருநாள் சுண்டு இயக்குநரிடமே கேட்டுவிட்டாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் பயமாக இருந்தது. "இந்தக் கதவு எங்க நிலையத்தோட முதல் பரிசோதனைம்மா. இதைத் திறக்க முடியறவங்களுக்கு வியாதி இல்ல, அவங்க உள்ளே வரத் தேவையில்ல. திறக்க முடியாதவங்களுக்கு வியாதி உறுதி."

"திறக்க முடியாதவங்க எப்படி சார் உள்ளே வருவாங்க?"

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "அதைப் பத்தி ஒரு தனி ஆராய்ச்சியே நடக்குது."

சுண்டுவுக்குப் பதினாறு வயது. சுண்டு என்பது அம்மா வைத்த செல்லப்பெயர். தொட்டில் வயதில் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தால் விடவே மாட்டாளாம், அதனால். இப்போது அம்மாவின் அந்த விரலை யாரும் பிடிக்க முடியாது. தொட்டாலே அம்மா பல்லைக் கடிப்பாள்.

அம்மா பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருந்தாள். கீழே கடை, மேலே வீடு. அம்மாவின் கத்தரிக்கோல் சத்தம் மேலே படிக்கிற சுண்டுவுக்குத் தாலாட்டு மாதிரி. ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் நடுநடுவே நின்றது. நிற்கும்போதெல்லாம் தரையில் கத்தரிக்கோல் விழுகிற சத்தம் கேட்டது. நெற்றிமுடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வெட்டுப்பட்ட ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து, "இது என்னக்கா, புது ஸ்டைலா?" என்றாள். அம்மா முகம் மாறாமல், "ஆமா, இப்ப இதுக்குத்தான் கிராக்கி" என்றாள். கொஞ்ச நாள் அந்தத் தெருப் பெண்கள் பாதிப்பேர் சரிந்த நெற்றிமுடியோடு திரிந்தார்கள். சுண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு காலையில் சட்டைப் பொத்தான் போடவும் பற்பசை மூடியைத் திறக்கவும் சுண்டுவைக் கூப்பிட ஆரம்பித்தபோது இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

தெருமுனை டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "இது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற மாதிரி. மருந்து இருக்கும்மா. பழைய மருந்துதான், நல்ல மருந்து. ஆனா தள்ளிப்போடாதீங்க. மூட்டு ஒருவாட்டி அரிச்சுட்டா அரிச்சதுதான்."

அவருடைய அறையில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் முனகியது. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "ஃபேனுக்கே வைத்தியம் பார்க்க முடியலை, இவரு எனக்குப் பார்க்கப் போறாராக்கும். பெரிய இடமாப் போவோம்டி." லாரியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்த அப்பாவும் போனில், "பெரிய இடம்னா பெரிய இடம்தான்" என்றார். அப்படித்தான் பளிங்குத் தரையும் பித்தளைக் குமிழும் உள்ள இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல்நாள் அவர்களைப் பார்த்தவள் அளவை அலுவலர். வெள்ளை உடை, கழுத்தில் நாடா, கேட்டதற்கு மட்டும் பதில்.

"காலைல விரல் விறைப்பா இருக்குமா?"

"எழுந்ததும் கல்லு மாதிரி இருக்குங்க."

"எங்க, காட்டுங்க."

அம்மா கையை நீட்டினாள். வெயில் ஏறிய பிறகு விரல்கள் கொஞ்சம் இளகித்தான் இருந்தன.

"மடக்குறீங்களே. விறைப்பு இல்லைன்னு போடறேன்."

"இப்ப இல்லைங்க. காலைல எழுந்ததும்…"

"நிலையத்துல காலைங்கிறது பத்தரை மணிக்குத்தான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி இருக்கிறது உங்க சொந்தக் காலை. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

பக்கத்து நாற்காலியிலிருந்த ரொட்டிக்கடைக்காரர் சுண்டுவின் காதோரம் சாய்ந்தார். "என் ரொட்டி விடியக்காலைல ஆவி பறக்க இருக்கும், பாப்பா. இவங்க நிதானமா வந்து தொட்டுப் பார்த்துட்டு, இந்தக் கடைல அடுப்பே இல்லைன்னு எழுதிட்டுப் போவாங்க." சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அளவை அலுவலர் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடைவழியில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் சுண்ணாம்புக் கலவையில் வார்த்த கைகள், மணிக்கட்டோடு வெட்டி எடுத்தது மாதிரி, வரிசையாக நின்றன. இடது ஓரத்தில் இருந்த கை கிட்டத்தட்ட நல்ல கை. விரல்நுனி மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. அடுத்தது இன்னும் கொஞ்சம். போகப் போக விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முறுக்கி, கடைசிக் கை மண்ணிலிருந்து பிடுங்கிய வேர் மாதிரி இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'நிலையத்தின் வளர்ச்சி' என்று எழுதியிருந்தார்கள். வலது ஓரத்தில் ஒரு பீடம் காலியாக இருந்தது. அளவை அலுவலர் தினமும் அந்தக் காலிப் பீடத்தையும் மறக்காமல் தூசி தட்டினாள்.

இயக்குநர் அம்மாவின் கையைப் பார்த்த நாளை சுண்டுவால் மறக்க முடியாது. பழைய சங்கிலியை அடகுக்கடைக்காரர் பார்ப்பதுபோல அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் பனித்துவிட்டது அவருக்கு.

"அருமை! ரொம்ப மோசமும் இல்ல, ரொம்ப நல்லாவும் இல்ல. இப்படி ஒரு கைக்காக எத்தனை நாளா ஏங்கிட்டிருக்கோம்!" எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். "நண்பர்களே! ஒரு ஆராய்ச்சிக்கு மருந்து முக்கியம்னு சாதாரண ஜனங்க நினைக்கிறாங்க. நோயாளி முக்கியம்னு சில டாக்டர்கள்கூட நினைக்கிறாங்க. இல்லை! அளவுகோல்தான் முக்கியம். மருந்து இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். நோயாளிங்களும் அப்படித்தான். அளவுகோல் நிலைச்சு நிக்கும். இன்னையிலேர்ந்து இந்தம்மாவோட கைதான் நம்ம மாதிரிக் கை. உங்க எல்லார் கையையும் இந்தக் கையோட ஒப்பிட்டுத்தான் புது மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு பார்ப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வலித்ததால் மெதுவாகத் தட்டினார்கள்.

அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. கத்தரிக்கோல் கைநழுவ ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கையை யாருமே பாராட்டியதில்லை. "எனக்கு மருந்து எப்ப ஆரம்பிப்பீங்க சார்?" என்று வெட்கத்தோடு கேட்டாள்.

"உங்களுக்கா?" இயக்குநர் உண்மையாகவே திகைத்தார். "அளவுகோலுக்கு யாராவது மருந்து கொடுப்பாங்களா? தராசுல வைக்கிற படிக்கல்லுக்கு யாராவது சோறு ஊட்டுவாங்களா? நீங்க மாறவே கூடாதும்மா. அதுதான் உங்க தொண்டு."

வலது கைக்கு ஒரு கருஞ்சிவப்பு வெல்வெட் கையுறை கொடுத்தார்கள். வெளிக்காற்று படக்கூடாதாம். அம்மா அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது ஒரு கை மட்டும் ராணி மாதிரி இருந்தது.

அளக்கும் சடங்கு வாராவாரம் நடந்தது. நடுவில் ஒரு மேசை. அதன் மேல் மெத்தை. மெத்தையில் அம்மாவின் கை. அளவை அலுவலர் முதலில் அம்மாவிடம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பாள். அதை அமுக்கினால், காற்று குழாய் வழியாகப் போய், வட்டத் தட்டில் ஒரு முள் ஏறும். அம்மா அமுக்கியதும் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைக்குப் பூஜ்யம். அப்புறம் ஒவ்வொருவராக வந்து அமுக்குவார்கள். அம்மாவைவிட முள் எவ்வளவு அதிகம் ஏறுகிறதோ அதுதான் அவர்களுடைய முன்னேற்றம். அதைச் சுவரிலுள்ள பெரிய பலகையில் பச்சைக் கோடாக வரைவார்கள்.

மருந்தில்லாத அம்மாவின் கை சும்மா இருக்குமா? வாரத்துக்கு வாரம் அது இன்னும் வீங்கியது. முள் இன்னும் கீழே நின்றது. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் பலகையில் பச்சைக் கோடுகள் கொடி மாதிரி ஏறின.

"பார்த்தீங்களா, மருந்து எப்படி வேலை செய்யுது!" என்று இயக்குநர் கூவினார்.

ரொட்டிக்கடைக்காரர் பலகையை அண்ணாந்து பார்த்தார். "பாப்பா, நேத்து மாவு பிசைய முடியாம அழுதேன். இங்க பார்த்தா நான் பயில்வானா இருக்கேன். எதுக்கும் இந்தப் பலகையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பிசையச் சொல்லணும்."

"மாமா" என்றாள் சுண்டு மெதுவாக, "நீங்க ஏறலை. எங்கம்மா இறங்குறாங்க."

அவர் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தார். அப்புறம் தன் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சுண்டுவிடம் இன்னொரு விஷயம் இருந்தது. அதை அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே, காலையில் அவள் எழுந்த பிறகும் வலதுகை மோதிரவிரல் தூங்கிக்கொண்டே இருந்தது. போர்வைக்குள் வைத்து இடது கையால் அதை மடக்கி மடக்கி எழுப்புவாள். குளிர்தான் காரணம், நேற்று நிறைய எழுதியதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இருந்தாலும் பயம் நெஞ்சில் எலி மாதிரி கொறிக்கும். அவளுக்கு ஒரே ஆறுதல் அந்தக் குமிழ்தான். குமிழ் திரும்பிவிட்டால் அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமில்லை. இயக்குநரே சொல்லியிருக்கிறார் அல்லவா, திறக்க முடிகிறவர்களுக்கு வியாதி இல்லை என்று? அவர் சொன்னதில் அவள் நம்பியது அது ஒன்றைத்தான்.

அவள் ஒருநாள் இயக்குநர் அறைக்குப் போய், அம்மாவை விட்டுவிடும்படி கேட்டாள்.

"தாராளமா!" என்றார் அவர். "இங்க யாரையும் கட்டி வெக்கலையே. விலகணும்னா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சேரும்போது போட்ட கையெழுத்து எப்படி இருந்துதோ அச்சு அசல் அப்படியே இருக்கணும். ஆள்மாறாட்டம் நடந்துடக்கூடாதில்லையா?"

அம்மா பேனாவை இரண்டு கையாலும் பிடித்து எழுதிப் பார்த்தாள். தாளில் ஒரு புழு நெளிந்தது. இயக்குநர் பரிவோடு தலையை ஆட்டினார்.

"இது நீங்க இல்லையேம்மா."

"கைரேகை வெக்கிறேன் சார்."

"நீங்க படிச்சவங்க. கைரேகையெல்லாம் எழுதத் தெரியாதவங்களுக்கு. உங்களை அப்படி அவமானப்படுத்த என் மனசு இடம் கொடுக்காது." கதவு வரை வந்து வழியனுப்பினார். "கை சரியானதும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. அதுவரைக்கும் பொறுமையா இருங்க."

வரும் வழியில் சுண்டு, "தெருமுனை டாக்டர்கிட்டயே போயிடலாம்மா" என்றாள்.

"சும்மா இருடி. மாதிரிக் கைன்னு எனக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. நடுவுல மருந்து தின்னா அத்தனை பேர் ஆராய்ச்சியும் கெட்டுப்போகும். பாவம், அந்த ரொட்டிக்கடைக்காரரு எவ்வளவு முன்னேறிட்டாரு தெரியுமா?"

"அம்மா, அவரு முன்னேறலைம்மா!"

"பலகைலயே போட்டிருக்கு. உனக்கு ரொம்பத் தெரியுமோ?"

அன்று மாலை அம்மாவின் தலையைச் சுண்டுதான் வாரிவிட்டாள். ஊருக்கெல்லாம் முடி வெட்டியவளின் தலையில் சிக்கு விழுந்து கிடந்தது. அம்மா கண்ணாடியைப் பார்க்காமல் மடியிலிருந்த வெல்வெட் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கௌரவம் உடைந்தது ஒரு சின்னப் பெண்ணின் காதில். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்காக முடி வெட்டிக்கொள்ள வந்த குழந்தை அது. அம்மா யாரையும் கேட்காமல் கையுறையைக் கழற்றிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். கத்தரிக்கோல் வழுக்கியது. காதின் ஓரத்தில் லேசான கீறல்தான், ஒரு சொட்டு ரத்தம்தான். குழந்தைகூடக் கொஞ்சம்தான் அழுதது. அது போன பிறகு அம்மா வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி அழுதாள்.

"வாடி" என்றாள் கடைசியில், மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு. "அந்த முனகல் ஃபேன் டாக்டர்கிட்டயே போவோம்."

தெருமுனை டாக்டர் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் அரிச்சிருக்கு. போனது போகட்டும், இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்று, வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடுகிற பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அப்புறம் சுண்டுவைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா? கை, கால் எல்லாம் நல்லா இருக்கா?"

சுண்டு மோதிரவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்தாள். "எனக்கென்ன டாக்டர், குதிரை மாதிரி இருக்கேன்."

மாத்திரை உடனே மந்திரம் போடவில்லை. முதலில் குமட்டல். பிறகு கொஞ்சம் முடி கொட்டியது. "முடிவெட்டுறவளுக்கே முடி கொட்டுதே, இதைவிட விளம்பரம் வேணுமா" என்றாள் அம்மா. விலக முடியாததால் நிலையத்துக்கும் வாராவாரம் போய்வந்தார்கள். வெயில்காலம் பிறந்த பிறகு ஒருநாள், பற்பசை மூடியை அம்மா தானே திறந்தாள். திறந்துவிட்டுச் சுண்டுவைக் கூப்பிட்டு, மறுபடி மூடி, மறுபடி திறந்து காட்டினாள்.

அந்த வாரம் ரப்பர் பந்தை அம்மா அமுக்கியபோது முள் சரசரவென்று ஏறியது. அளவை அலுவலர் தட்டைத் தட்டிப் பார்த்தாள். குழாயை ஊதிப் பார்த்தாள். முள் நின்ற இடம்தான் அன்றைய பூஜ்யம். வரிசையில் வந்த எல்லோரும் அதற்குக் கீழேயே நின்றார்கள். பலகையில் முதல்முறையாகச் சிவப்பு மை தேவைப்பட்டது. கைவசம் இல்லாததால் வெளியே ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள்.

இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

"நண்பர்களே, ஒரு துக்கமான செய்தி. நம்ம நிலையத்துக்குள்ள யாரோ குணமாகியிருக்காங்க." அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு களங்கம் வந்ததே இல்லை. யாருன்னு தானா முன்வந்து சொல்லிட்டா நல்லது."

"சத்தியமா நான் இல்லைங்க!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "என் கையைப் பாருங்க, கடுகளவுகூடக் குணமில்ல!" டீச்சரும் பதறிக்கொண்டு விரல்களை நீட்டினார். ஆளாளுக்குத் தங்கள் வீக்கத்தைக் காட்டி நிரபராதி என்று நிரூபித்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். கையுறையைக் கழற்றினாள். கையை மூடினாள். முழுதாக மூடவில்லை, ஆனாலும் அது ஒரு முஷ்டி.

இயக்குநர் அப்போதும் கோபப்படவில்லை. "உங்களுக்கு மனசாட்சி இருக்காம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "நீங்க ஒருத்தர் நல்லாகணும்னு இத்தனை பேரை மோசமாக்கிட்டீங்களே. அந்தப் பலகையைப் பாருங்க. அந்தச் சிவப்பெல்லாம் உங்களாலதான். காலைல வரைக்கும் இவங்க எல்லாரும் தேறிட்டு வந்தாங்க."

டீச்சர் பலகையைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். மோசமாகிவிட்ட எல்லோருக்கும் புது மருந்தை இரண்டு மடங்காக்கும்படி அங்கேயே உத்தரவு போடப்பட்டது. சுண்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

விலகல் தாள் வந்தது. அம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பழைய கையெழுத்து, வால் சுழித்து, அச்சு அசல் அப்படியே. இயக்குநர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "விதிமுறை எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது பாருங்க. குணமானவங்க மட்டும்தான் இங்கேருந்து வெளிய போக முடியும்."

வாசலில் ரொட்டிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பாப்பா, அந்த முனகல் ஃபேன் எந்தத் தெருவுல சுத்துது?" என்றார். சுண்டு வழி சொன்னாள். அன்றைக்கு அவளுக்குச் சிறகு முளைத்தது மாதிரி இருந்தது.

கடையில் மறுபடி கத்தரிக்கோல் பேசியது. முன்போல வேகமில்லை, நடுநடுவே ஓய்வெடுத்துக்கொண்டு பேசியது. அம்மா முதலில் வெட்டியது சுண்டுவின் முடியைத்தான். நெற்றிமுடி நேராக, கோடு போட்ட மாதிரி வந்தது. "என் கண்ணே பட்டுடும் போலிருக்கு" என்று அம்மா அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். சொல்லிவிடலாமா என்று சுண்டுவுக்கு வாய் வரை வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். அம்மாவுக்கு இப்போதுதானே விடிந்திருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. கையுறை. அது நிலையத்தின் சொத்து, உடனே ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். "நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்றாள் அம்மா. "நீ போய் வீசிட்டு வந்துடுடி."

மறுநாள் காலை சுண்டு எழுந்தபோது தூங்கிக்கிடந்தது மோதிரவிரல் மட்டுமல்ல. அதன் அண்டை அயலார் எல்லோரும் சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையின் மேல்பொத்தானைப் போட முடியவில்லை. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். வெந்நீரில் கையை முக்கி எடுத்தாள். போகிற வழியெல்லாம் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே போனாள். குமிழைத் திருகிப் பார்த்துவிடலாம். திரும்பிவிட்டால் ஒன்றுமில்லை.

கதவுக்கு முன்னால் வழக்கமான கூட்டம் நின்றது. மருந்து இரண்டு மடங்கானதிலிருந்து டீச்சரின் முகம் உப்பியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர், "வந்துட்டா நம்ம சாவி!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரைப் பார்த்துட்டேன் பாப்பா. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. இங்க இன்னும் கையெழுத்துதான் வரமாட்டேங்குது" என்று கண்ணடித்தார்.

எல்லோரும் வழிவிட்டார்கள். சுண்டு குமிழில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அழுத்தினாள். விரல்கள் பித்தளையின் மேல் வழுக்கிக்கொண்டு போயின, குமிழ் அசையவில்லை. கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தாள். முழங்கை வரை வலி மின்னிப் போனது. குமிழ் அப்படியே இருந்தது.

கதவின் கண்ணாடி வழியாக நடைவழி தெரிந்தது. அளவை அலுவலர் காலிப் பீடத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் இயக்குநர் இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

"என்ன பாப்பா" என்றார் ரொட்டிக்கடைக்காரர் பின்னாலிருந்து, "பூட்டியிருக்கா?"

"ஆமா மாமா" என்றாள் சுண்டு. "பூட்டியிருக்கு."

குரல் அவளுடையது மாதிரி இல்லை. ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குமிழைப் பார்க்கவில்லை, அதன் மேல் இருந்த விரல்களைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த வேடிக்கையெல்லாம் வடிந்துபோயிற்று. அந்த வளைவு அவருக்குத் தெரியும்.

"வீட்டுக்குப் போ" என்று கிசுகிசுத்தார். "பாப்பா, திரும்பிப் பார்க்காம ஓடு. அம்மாகிட்டப் போய்ச் சொல்லு."

அப்போது அவள் உள்ளங்கைக்குள் குமிழ் தானாகத் திரும்பியது. இயக்குநர் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்திருந்தார். திறந்துவிட்ட சந்தோஷத்தில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் வழக்கம்போல முன்னால் நெருக்கினார்கள். "நீ நல்லா இருக்கணும்மா" என்று யாரோ வாழ்த்தினார்கள். ரொட்டிக்கடைக்காரர் சுண்டுவின் சட்டைக்கையை எட்டிப் பிடித்தார். பிடிக்கத்தான் பார்த்தார். துணி அவர் விரல்களுக்கு நடுவே தண்ணீர் மாதிரி நழுவிப் போனது.

"கையுறையைத் திருப்பிக் கொடுக்கத்தான் சார் வந்தேன்" என்றாள் சுண்டு.

இயக்குநர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. குமிழைப் பிடித்த வடிவத்திலேயே நின்றுவிட்ட அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் பனித்திருந்தது.

"அதுக்கென்ன அவசரம்" என்றார் அன்பாக. "கையை அப்படியே வெச்சுக்கோம்மா. ஆட்டிடாதே."

அவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் பத்தரை அடித்தது. நிலையத்தில் காலை ஆரம்பித்தது.